மாட்டுக்கு வந்த சினை ஊசி பன்றிக்கு ஏன் வரவில்லை?

சினை ஊசி என்ற சொல்லைக் கேள்விப்படாதவர் தமிழ்நாட்டுக் கிராமங்களில் இருக்க மாட்டார்கள். பசு பருவத்துக்கு வந்து கத்தினால் கால்நடை மருந்தகத்துக்குத் தகவல் போகும். நைட்ரஜன் குடுவையில் உறைந்து கிடக்கும் விந்துக் குச்சி ஒன்று எடுத்து வரப்படும். சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். எருமைக்கும் இதே வசதி உண்டு.

பன்றிக்கு? பரமக்குடியிலோ முதுகுளத்தூரிலோ இராமேஸ்வரத்திலோ பன்றி வளர்க்கும் ஒரு குடும்பம், தங்கள் தாய்ப் பன்றி பருவத்துக்கு வந்திருக்கிறது என்று சொல்லி அரசு மருந்தகத்தின் படியேறுவதை நம்மால் கற்பனை செய்ய முடிகிறதா? முடியவில்லை என்றால், ஏன் முடியவில்லை என்று கேட்க வேண்டும். பன்றியின் விந்தைப் பற்றி எழுதினால் முகம் சுளிப்பவர்கள் இருப்பார்கள். காளையின் விந்தைப் பற்றி எழுதினால் அது வேளாண் செய்தி. இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

சமூகவியல் படிக்கும் தோழர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சாதியைக் கோயில் வாசலிலும் தேநீர்க் கடையிலும் தேடப் பழகியிருக்கிறோம். ஆய்வுக்கூடத்திலும் மானியப் படிவத்திலும் கால்நடைக் கணக்கெடுப்பிலும் தேடுவது குறைவு. அங்கேயும் அது இருக்கிறது.

அடைத்து வளர்த்த கிடா

பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படையில், காஞ்சியை நோக்கிப் போகும் பாணனுக்கு வழியில் என்னென்ன விருந்து கிடைக்கும் என்று புலவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார் சொல்லிக்கொண்டே போகிறார். ஓரிடத்தில் கள் சமைக்கும் பெண்களின் வீடு வருகிறது. பாத்திரம் கழுவிய நீர் முற்றத்தில் சேறாகத் தேங்கியிருக்கிறது. அதில் தாய்ப் பன்றிகளும் குட்டிகளும் புரள்கின்றன. ஆனால் ஒரு குட்டைக்கால் ஆண் பன்றியை மட்டும் அந்தப் பெண் பன்றிகளோடு சேரவிடாமல், குழியில் தனியே நிறுத்தி, நெல் இடித்த மாவைப் பல நாள் ஊட்டிக் கொழுக்க வைத்திருக்கிறார்கள். அதன் கொழுத்த இறைச்சியும் கள்ளும் பாணனுக்கு விருந்து.

இதைக் கால்நடை வளர்ப்பின் கண்ணோடு படித்துப் பாருங்கள். எந்த ஆண் இனப்பெருக்கம் செய்யலாம், எது இறைச்சிக்குப் போகலாம் என்று மனிதர் முடிவெடுக்கிறார்கள். இணை சேர்ந்து அலையும் கிடா இளைத்துவிடும், அடைத்து வைத்தால் சதை பிடிக்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. தீனி, அடைப்பு, இணைசேர்க்கைக் கட்டுப்பாடு என்ற மூன்றும் அந்த முற்றத்தில் இருக்கின்றன. அந்த அறிவுக்குச் சொந்தக்காரர்கள் உழைக்கும் பெண்கள். அவர்கள் வீட்டில் உண்பது இழிவு என்று புலவர் எண்ணவில்லை, பாணனை அங்கே போகச் சொல்கிறார்.

காட்டில் இருந்தால் படையல், ஊரில் இருந்தால் தீட்டு

பன்றி அசுத்தமான விலங்கு, அதனால் அதை வளர்ப்பவரும் விலக்கப்பட்டார் என்று பலர் எளிதாகச் சொல்லிவிடுவார்கள். நூல்களைப் புரட்டினால் அந்த விளக்கம் நிற்காது.

மனுஸ்மிருதியின் ஐந்தாம் அத்தியாயம் ஊர்ப் பன்றியைத் தெரிந்தே தின்னும் இருபிறப்பாளன் தன் நிலையிலிருந்து வீழ்ந்துவிடுவான் என்கிறது. அதே நூலின் மூன்றாம் அத்தியாயம், முன்னோருக்கான சிராத்தத்தில் எந்த இறைச்சி படைத்தால் எத்தனை மாதம் அவர்கள் நிறைவடைவார்கள் என்று பட்டியல் போடும்போது, பன்றியும் எருமையும் பத்து மாத நிறைவைத் தரும் என்கிறது. காட்டில் வேட்டையாடிய பன்றி முன்னோருக்குப் படையல், சேரியில் வளர்ந்த பன்றி தீட்டு. விலங்கு ஒன்றுதான், அதைக் கையாளும் மனிதர் வேறு. தீட்டு பன்றியிலிருந்து மனிதருக்குப் போகவில்லை, மனிதரிடமிருந்து பன்றிக்குப் போனது.

கோயில்களையும் பாருங்கள். வராக அவதாரத்துக்குச் சன்னிதி உண்டு. விஜயநகரப் பொற்காசுக்கு வராகன் என்று பெயர், நம் ஊர்ப் பழைய பத்திரங்களிலும் வராகன் கணக்கு வரும். மதுரையின் திருவிளையாடல் புராணத்தில், தாயை இழந்த பன்றிக்குட்டிகளுக்குச் சிவனே தாய்ப் பன்றியாகி முலை கொடுக்கிறார், அந்தக் குட்டிகள் பிறகு பாண்டியனின் அமைச்சர்களாகிறார்கள். காசிலும் புராணத்திலும் அரசவையிலும் பன்றிக்கு இடம் உண்டு. தெருவில் அதற்குத் தீனி போடுபவருக்கு மட்டும் இடமில்லை.

உப்பு போனது, பன்றி மிஞ்சியது

தமிழ்நாட்டின் நகரங்களில் பன்றி வளர்ப்போர் யார் என்று பார்த்தால் குறவர் சமூகத்தின் சில பிரிவினர், காட்டுநாயக்கர், அருந்ததியர் என்று தூய்மைப் பணியோடு கட்டிப்போடப்பட்ட சமூகங்களே முன்னால் வருகின்றன. இது என்றைக்கும் இப்படியே இருந்த ஏற்பாடு அல்ல.

குறவரில் உப்புக் குறவர் என்று ஒரு பிரிவு உண்டு. கடற்கரை உப்பைப் பொதி விலங்குகளின் மேல் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுபோய்த் தானியத்துக்கு மாற்றியவர்கள். கிழக்கிந்தியக் கம்பெனி 1805இல் சென்னை மாகாணத்தில் உப்பைத் தன் ஏகபோகமாக்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில் ரயில் வந்து உப்பையும் தானியத்தையும் தானே சுமந்தது. பிழைப்பு போனவர்கள் அலைந்தார்கள். அலைந்தவர்களைக் குற்றப்பரம்பரைச் சட்டம் பிடித்தது. 1871இல் வட இந்தியாவில் தொடங்கிய அந்தச் சட்டம் 1911க்குப் பிறகு சென்னை மாகாணத்திலும் அமலானது, குறவர் பிரிவுகள் பட்டியலில் ஏற்றப்பட்டன. வணிகர்களாக ஊர் ஊராகச் சென்றவர்களின் நடமாட்டமே குற்றமானது. கையில் மிஞ்சிய பிழைப்புகளில் கூடை முடைவதும் பன்றி வளர்ப்பதும் இருந்தன.

அதே காலத்தில் நகராட்சிகள் வளர்ந்தன. உலர் கழிப்பிடங்கள் பெருகின, அவற்றை மனிதர் கையால் அள்ள வேண்டியிருந்தது. அள்ளி மிஞ்சியதைப் பன்றி தின்றது. யாத்திரைத் தலங்களில் இது இன்னும் கூடுதல். இராமேஸ்வரம் தீவுக்கு 1914இல் பாம்பன் ரயில் பாலம் திறந்தது. அதுவரை படகில் வந்த கூட்டம் ரயிலில் வரத் தொடங்கியது. புனித நீராட வருகிறவர்களுக்கும் வயிறும் குடலும் உண்டு. யாத்திரைத் தலங்களின் வரலாற்றில் மன்னர்கள் கட்டிய பிராகாரத்துக்கு அத்தியாயம் இருக்கும், அங்கே மலம் அள்ளியவர்களுக்கு ஒரு பத்திகூட இருக்காது.

1920ஆம் ஆண்டின் சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டம் பன்றி வளர்ப்பைக் கட்டுப்படுத்தவும், தெருவில் திரியும் பன்றியை அழிக்கவும் நகராட்சிக்கு அதிகாரம் தந்தது. சுகாதாரம் தேவைதான், அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் கழிவைத் திறந்தவெளியில் விட்டது நகராட்சி. அதை அள்ளச் சொல்லி ஒரு சமூகத்தைக் கூலிக்கு வைத்ததும் அதே நகராட்சி. அந்தக் கழிவில் மேய்ந்ததற்காக அந்தச் சமூகத்தின் ஒரே சொத்தைச் சுட்டுக் கொல்லவும் பிடித்துச் செல்லவும் உரிமை பெற்றதும் அதுவே. மாட்டுக்கு மருந்தகம், பன்றிக்குப் பிடிவண்டி. இருபதாம் நூற்றாண்டில் அரசு இந்த இரு விலங்குகளோடும் வைத்துக்கொண்ட உறவை இப்படிச் சுருக்கிவிடலாம்.

ஒரு நெசவாளியின் பன்றி

இன்று நம் ஊரில் வெண்பன்றி என்று சொல்லப்படும் பெரிய வெள்ளை யார்க்ஷயர் எங்கிருந்து வந்தது? இங்கிலாந்தின் யார்க்ஷயர் மாவட்டத்தில் கீலி என்ற ஆலை நகரம். அங்கே ஜோசப் டூலி என்ற நெசவாளி தன் கொல்லையில் பொறுக்கியெடுத்து இனம் சேர்த்து வளர்த்த பன்றிகளை 1851இல் வின்சர் நகரில் நடந்த அரச வேளாண் கண்காட்சிக்குக் கொண்டுபோனார். பார்த்தவர்கள் வியந்தார்கள். 1868இல் பெரிய வெள்ளை என்பது தனி இனமாக ஏற்கப்பட்டது. 1884இல் பன்றி வளர்ப்போர் சங்கம் அமைந்து வம்சாவளிப் பதிவேடு தொடங்கியது. எந்தக் கிடாவுக்கு எந்தக் குட்டி பிறந்தது என்று எழுதி வைக்கத் தொடங்கினார்கள்.

அந்த நெசவாளியும் ஏழைதான், தொழிலாளிதான். ஆனால் அவர் பன்றி வளர்த்ததற்காக யாரும் அவரைத் தொடாமல் விலகவில்லை. கண்காட்சி அவரைக் கூப்பிட்டது. பன்றி வளர்ப்பில் அவருக்கு இருந்த அறிவு அறிவாகவே மதிக்கப்பட்டது.

நம் பக்கம் திரும்புவோம். இராமநாதபுரம் வெள்ளை என்று ஒரு செம்மறி ஆட்டினம் உண்டு. கீழக்கரிசல் உண்டு, வேம்பூர் ஆடு உண்டு. அந்தந்த மண்ணின் பெயரோடு ஆவணங்களில் ஏறியிருக்கின்றன. நாட்டில் பதிவான பன்றி இனங்களிலும் கூங்ரூ, நியாங் மேகா, டென்யி வோ, சோவாக், டூம், நிக்கோபாரி என்று பெயர்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை வடகிழக்கிலும் கிழக்கிலும் பழங்குடி மக்கள் தலைநிமிர்ந்து வளர்ப்பவை. நம் வறண்ட மாவட்டங்களின் கருவேல நிழலில் தலைமுறை தலைமுறையாக உயிர் பிழைத்த கறுப்புப் பன்றிக்கு நாட்டுப் பன்றி என்பதே பெயர். அதற்குப் பதிவேடு வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

விந்தின் கணக்கு

இனி அறிவியலுக்குள் போவோம். செயற்கைக் கருவூட்டலை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பண்ணை விலங்குகளுக்குக் கொண்டுவந்தவர் ரஷ்யாவின் இல்யா இவானோவ். 1930களில் சோவியத் கூட்டுப்பண்ணைகளில் பன்றிக்கும் அது செய்யப்பட்டது. இந்தியாவில் 1939இல் மைசூர் அரண்மனைப் பால்பண்ணையில் சம்பத்குமரன் மாட்டுக்குச் செய்ததுதான் முதல் முயற்சி என்பார்கள். 1949இல் இங்கிலாந்தில் போல்ஜ், ஸ்மித், பார்க்ஸ் ஆகிய மூவரும் கிளிசரால் சேர்த்தால் விந்தணு உறைநிலையைத் தாங்கும் என்று கண்டுபிடித்தார்கள். அதன் பிறகு காளை விந்துக்கு உலகமெங்கும் வழி திறந்தது. தமிழ்நாட்டில் உதகமண்டலத்திலும் தஞ்சாவூர் மாவட்டம் ஈச்சங்கோட்டையிலும் உறைவிந்து நிலையங்கள் வந்தன.

பன்றி விந்து அவ்வளவு எளிதில் வழிக்கு வரவில்லை. கிடாப் பன்றியின் விந்தணுவைச் சுற்றியுள்ள சவ்வில் கொழுப்பு அமைப்பு வேறு மாதிரி. அதில் கொலஸ்ட்ரால் விகிதம் குறைவு. 15 டிகிரிக்குக் கீழே திடீரென்று குளிர்ந்தால் சவ்வு சிதைந்து அணு செத்துவிடும். அதனால் பன்றி விந்தை உறைய வைக்காமல், 17 டிகிரி அளவில் திரவமாகவே சில நாள் வைத்திருந்து பயன்படுத்துகிறார்கள். இதற்கான கரைசல் அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் ஆய்வு நிலையத்தில் 1970களில் உருவானது. குளுக்கோஸ், சோடியம் சிட்ரேட், சமையல் சோடா எனப்படும் சோடியம் பைகார்பனேட், பொட்டாசியம் குளோரைடு, இ.டி.டி.ஏ. என்ற உப்பு, கிருமி வளராமல் இருக்கக் கொஞ்சம் ஆன்டிபயாட்டிக். சேர்மானம் இவ்வளவுதான்.

அளவும் வேறு. காளை ஒரு முறை தருவது சில மில்லி. கிடாப் பன்றி 150 முதல் 300 மில்லி வரை தரும், அதில் பல ஆயிரம் கோடி விந்தணுக்கள் இருக்கும். ஆனால் தாய்ப் பன்றிக்கு ஒரு முறை செலுத்தவே 250 முதல் 300 கோடி அணுக்கள், 80 முதல் 100 மில்லி திரவத்தில் தேவை. அப்படியும் ஒரு முறை எடுத்த நல்ல விந்தைப் பிரித்தால் பத்துப் பதினைந்து தாய்களுக்குக் குறையாமல் வரும். நேரடியாக இணை சேர்த்தால் ஒரு தாய்க்குத்தான்.

தரம் பார்ப்பது பெரிய வித்தை அல்ல. பொம்மைத் தாய் ஒன்றின் மேல் ஏறக் கிடாவைப் பழக்கி, கையுறை போட்ட கையால் விந்து எடுப்பார்கள். கூழ் போன்ற பகுதியை வடிகட்டிவிட்டு, நிறம், அளவு, செறிவு பார்ப்பார்கள். பிறகு ஒரு சொட்டை வெதுவெதுப்பான கண்ணாடித் தகட்டில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தால் நூற்றுக்கு எத்தனை அணுக்கள் நகர்கின்றன என்று தெரியும். 70க்கு மேல் நகர்ந்தால் நல்லது. வால் சுருண்டவை, தலை சிதைந்தவை நூற்றில் இருபதைத் தாண்டினால் அந்தக் கிடாவுக்கு ஏதோ கோளாறு. பள்ளி ஆய்வகத்தில் இருக்கும் நுண்ணோக்கியே இந்த வேலைக்குப் போதும்.

வெயில் வைக்கும் கடன்

இராமநாதபுரத்துக்கு இதில் தனிப் பாடம் ஒன்று இருக்கிறது.

பன்றிக்கு உடல் குளிரும்படி வியர்க்காது. அது சேற்றில் புரள்வது அழுக்கின் மேல் உள்ள ஆசையால் அல்ல. சேறு காயும்போது உடல் குளிர்கிறது, அதற்காகத்தான். விதைப்பை உடலைவிடச் சில டிகிரி குளிர்ச்சியாக இருந்தால்தான் விந்தணு ஒழுங்காக உருவாகும். நிழலும் ஈரமும் இல்லாமல் சில நாட்கள் தொடர்ந்து 30 டிகிரிக்கு மேல் வெயிலில் கிடந்தாலே கிடாவின் விந்துத் தரம் சரியத் தொடங்கும்.

அந்தச் சரிவு உடனே தெரியாது. ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ 35 நாட்கள், அது முதிர்ந்து வெளிவரத் தயாராக மேலும் பத்து நாட்கள். கத்தரி வெயிலில் கெட்ட அணுக்கள் ஆனி மாதத்தில் வெளிவரும். அப்போது இணை சேர்ந்த தாய்ப் பன்றி சினை பிடிக்காமல் போகலாம், பிடித்தாலும் 114 நாள் கழித்து, புரட்டாசி ஐப்பசியில் நான்கைந்து குட்டி மட்டும் போடலாம். ஐப்பசி மழையில் குட்டியை எண்ணுபவருக்குச் சித்திரை வெயில் நினைவில் இருக்காது. பழி தாய் மேல் விழும். மலட்டுப் பன்றி என்று சொல்லி அதை அறுப்புக்கு விற்றுவிடுவார்கள். கோளாறுள்ள கிடா தெருவில் திரிந்துகொண்டே இருக்கும். குழந்தை இல்லாத வீட்டில் மருமகளை மட்டும் மருத்துவமனைக்கு அனுப்பும் நம் ஊர்ப் புத்தி பன்றிக் கொட்டடி வரை நீள்கிறது.

தீர்வு என்ன? கிடாவுக்குக் கீற்றுக் கொட்டகை, மதியத்தில் இரண்டு குடம் தண்ணீர், பூஞ்சை பிடிக்காத தீனி. ஆனால் கொட்டகை போட இடம் வேண்டும், தண்ணீர் வேண்டும். இங்கேதான் அறிவியல் முடிந்து நிலத்தின் வரலாறு தொடங்குகிறது.

ஒரு கிடாவை வைத்திருக்க எவ்வளவு நிலம் வேண்டும்?

நல்ல இனம் வேண்டுமென்றால் நல்ல கிடாவைப் பொறுக்கி வைத்திருக்க வேண்டும். கிடா எட்டு மாதம் தீனி தின்ற பிறகே வேலைக்கு வரும். பெரிய கிடா ஒன்றுக்குத் தனி அறை வேண்டும். அது குட்டி போடாது, பால் தராது, வருடம் முழுக்கத் தின்னும். புறம்போக்கில் குடிசை போட்டிருக்கும் குடும்பம் இதை எப்படித் தாங்கும்? அதனால் நன்றாக வளரும் ஆண் குட்டிகளைக் காயடித்துக் கறிக்கு வளர்க்கிறார்கள். அதுதான் காசாகும். காயடிக்காமல் தப்பியதும், பிடிபடாமல் ஓடியதும் தெருவில் இனம் பெருக்குகின்றன. தாயோடு மகன் சேரும், தங்கையோடு அண்ணன் சேரும். நெருங்கிய உறவில் இனம் பெருகப் பெருக குட்டி குறையும், கிடாவின் விந்து வீரியமும் குறையும். சிறந்ததை அறுத்து மிச்சத்தை வளர்க்கும் இந்த முறைக்கு அறியாமை காரணமல்ல, நிலமின்மைதான் காரணம்.

அந்த நிலமின்மை தானாக வந்ததல்ல. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர் மேல் எட்டுத் தடைகளை விதித்தார்கள். மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன, குதிர்கள் அழிக்கப்பட்டன, கால்நடைகள் கொள்ளை போயின. 1931இல் தடைகள் பதினொன்றாயின. ஆதிதிராவிடர் தம் நிலத்தை மிராசுதார்களுக்கு மலிவு விலைக்கு விற்றுவிட வேண்டும். விற்க மறுத்தால் பாசனத் தண்ணீர் கிடையாது. பிள்ளைகள் படிக்கக் கூடாது, மிராசுதாரின் மாடுகளை மேய்க்க மட்டுமே செய்யலாம். அந்த ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஜே.எச். ஹட்டன் இவற்றைப் பதிவு செய்திருக்கிறார். நிலம், தண்ணீர், கல்வி மூன்றையும் ஒரே பட்டியலில் பறித்தார்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் பன்றியோடு ஏன் நின்றார்கள் என்று இன்று கேட்பவர்களுக்கு இந்தப் பட்டியலைக் காட்டுங்கள்.

செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீரின் 1891ஆம் ஆண்டு அறிக்கைக்குப் பிறகு, 1892இல் ஒடுக்கப்பட்டோருக்குப் பஞ்சமி நிலம் ஒதுக்கும் ஆணை வந்தது. அந்த நிலங்களில் பெரும்பகுதி கைமாறிப்போனது. அதை மீட்கக் கேட்ட போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் காவல்துறை துப்பாக்கிக்குப் பலியானார்கள். அதே செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் காட்டுப்பாக்கம் இருக்கிறது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் அங்கே வெண்பன்றிகளை வளர்க்கிறது, ஆராய்கிறது, பயிற்சி தருகிறது. வெள்ளை யார்க்ஷயரில் முக்கால் பங்கும் நாட்டுப் பன்றியில் கால் பங்கும் கலந்த ஓர் இனத்தையும் உருவாக்கியிருக்கிறது. அந்தக் கால் பங்கைக் கவனியுங்கள். வெயிலையும் நோயையும் தாங்கும் குணத்துக்காக அறிவியல் தேடிப்போனது நம் சேரிப் பன்றியைத்தான். அதைக் காப்பாற்றித் தந்தவர்களுக்கு நன்றி என்று ஒரு வரியை எந்தச் சுவரொட்டியிலும் நான் பார்த்ததில்லை.

இப்போது பன்றி லாபமான தொழில். மத்திய அரசின் தேசியக் கால்நடை இயக்கம் 2021இல் திருத்தப்பட்ட பிறகு, 50 தாயும் 5 கிடாவும் கொண்ட பண்ணைக்கு 15 இலட்சம், 100 தாயும் 10 கிடாவும் கொண்ட பண்ணைக்கு 30 இலட்சம் வரை, செலவில் பாதி மானியம். மீதிப் பாதியை நாம் போட வேண்டும், அல்லது வங்கி தர வேண்டும். சொந்த நிலமோ குத்தகை நிலமோ காட்ட வேண்டும். தெருவில் நான்கு பன்றி வைத்திருப்பவர் இந்தப் படிவத்தின் எந்தக் கட்டத்தில் தன் பெயரை எழுதுவார்? ஐம்பது தாய்ப் பன்றிக்கான நிலமும் வங்கியில் நம்பிக்கையும் யாரிடம் இருக்கின்றன என்பது நமக்குத் தெரியும். கறுப்புப் பன்றியோடு இழிவு சேரியிலேயே நிற்கிறது, வெண்பன்றியோடு லாபம் பண்ணைக்குப் போகிறது.

அசாமில் முடிகிறது

பன்றிக்குச் சினை ஊசி போடுவது கடினம், விந்து உறையாது, அதனால்தான் நம் ஊருக்கு வரவில்லை என்று ஒருவர் வாதிடலாம். அசாமைப் பாருங்கள். குவாஹாத்தி அருகே ராணி என்ற இடத்தில் தேசியப் பன்றி ஆராய்ச்சி மையம் 2002இல் தொடங்கியது. கானாபாராவிலும் பன்றி ஆராய்ச்சி நடக்கிறது. அங்கே திரவ விந்து கிராமங்களுக்குப் போகிறது, வீட்டு வாசலில் கருவூட்டல் நடக்கிறது. அங்குள்ள கிடாவின் விந்தும் அதே 17 டிகிரிதான் கேட்கிறது. வேறுபடுவது ஒன்றே. அங்கே பன்றி வளர்ப்பவர் வெட்கப்பட வேண்டியதில்லை, அதிகாரியும் மூக்கைப் பொத்துவதில்லை.

அங்கே பன்றிகள் அதிகம், இங்கே குறைவு என்று சொல்லலாம். உண்மைதான். 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 90.6 இலட்சம் பன்றிகள், அதில் அசாமில் மட்டும் சுமார் 21 இலட்சம். தமிழ்நாட்டில் 67 ஆயிரம். ஆனால் 2012இல் தமிழ்நாட்டில் 1.84 இலட்சம் இருந்தன. ஏழு ஆண்டுகளில் நாடு முழுவதும் 12 விழுக்காடு குறைந்தபோது நம் மாநிலத்தில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துபோனது. பிடித்துச் சென்று, விரட்டி, வைத்தியம் பார்க்காமல் விட்டு, எண்ணிக்கை விழுந்த பிறகு, எண்ணிக்கை இல்லை அதனால் திட்டம் இல்லை என்று சொல்வது என்ன நியாயம்? 2019 செப்டம்பரில் தொடங்கிய நாடு தழுவிய இலவசக் கருவூட்டல் திட்டம் 600 மாவட்டங்களுக்குப் போனது. மாட்டுக்கும் எருமைக்கும்.

நாம் கேட்க வேண்டியது

இயக்கத்துக்குள் ஒரு எதிர்க்குரல் உண்டு, அதற்கு மதிப்பளிக்க வேண்டும். 1927இல் மகாடில் செத்த மாட்டை உண்பதை விடுங்கள், இழிவு சுமத்தும் பழக்கங்களிலிருந்து வெளியேறுங்கள் என்று அம்பேத்கர் அழைத்தார். பன்றியையும் விட்டுவிட வேண்டியதுதானே? நாகராஜ் மஞ்சுளேயின் ஃபன்றி படத்தில் பன்றி பிடிக்க நிற்கும் சிறுவனின் அவமானத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி புரியும். மாரி செல்வராஜின் மாமன்னன் படத்தில் நாயகன் பன்றிகளைத் தலைநிமிர்ந்து வளர்ப்பதைப் பார்த்தவர்களுக்கு மறுபக்கமும் புரியும்.

என் பதில் இது. எந்தப் பிள்ளையும் பிறப்பால் பன்றி மேய்க்க வேண்டியதில்லை. படிக்கட்டும், எந்த வேலைக்கும் போகட்டும். விட நினைப்பவருக்கு மாற்றுத் தொழிலும் மறுவாழ்வும் அரசின் கடமை. ஆனால் தொழிலில் இருக்க நினைப்பவர், அந்தத் தொழில் லாபமாக மாறும் நேரத்தில் வெறுங்கையோடு வெளியே தள்ளப்படக் கூடாது. அம்பேத்கர் எதிர்த்தது கட்டாயத்தை. நூறு ஆண்டு கட்டாயப்படுத்திச் செய்ய வைத்துவிட்டு, சம்பாதிக்கும் காலம் வந்ததும் பிடுங்கிக்கொள்வது புது வடிவக் கொள்ளை.

அதனால் இராமநாதபுரம் மாவட்டத்தில் வேலை செய்யும் இளைஞர்களுக்குச் சில வேலைகள். கால்நடைப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி, ஆராய்ச்சி மையம் மாவட்டத் தலைநகரிலேயே இருக்கிறது. பன்றிக்குத் திரவ விந்துக் கருவூட்டல் பயிற்சியைப் பன்றி வளர்க்கும் சமூகங்களின் இளைஞர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்குத் தரச் சொல்லி மனுக் கொடுங்கள். தாட்கோ கடனில் தனித்தனிப் பண்ணையோடு கூட்டுக் கிடாக் கொட்டகையையும் சேர்க்கக் கேளுங்கள். நல்ல கிடா இரண்டு, நுண்ணோக்கி ஒன்று, 17 டிகிரி காக்கும் பெட்டி ஒன்று இருந்தால் நாற்பது ஐம்பது குடும்பங்களின் தாய்ப் பன்றிகளுக்குப் போதும். பன்றிக் காய்ச்சல் வைரஸ் போன்றவை விந்து வழியாகவும் பரவும் என்பதால் கிடாவுக்கு நோய்ப் பரிசோதனையும் தடுப்பூசியும் சேர்ந்தே வர வேண்டும். நிலம் இல்லாத குடும்பங்களுக்கு நகராட்சி எல்லைக்கு வெளியே கொட்டகை மனை ஒதுக்கச் சொல்லுங்கள். அதைச் செய்யாமல் பன்றி பிடிக்கும் வண்டியை அனுப்பினால் எதிர்த்து நில்லுங்கள். நம் நாட்டுப் பன்றியை அளந்து, எண்ணி, பெயரோடு பதிவு செய்யக் கோருங்கள்.

இந்தக் கோரிக்கைகளில் எதுவும் புதிதல்ல. கிடாவைத் தனியே நிறுத்தி மாவு ஊட்டத் தெரிந்த பெண்கள் பெரும்பாணாற்றுப்படைக் காலத்திலேயே இருந்தார்கள். நாம் கேட்பது அந்தக் கொட்டகைக்கு ஒரு துண்டு நிலமும், மாட்டுக்குத் திறக்கும் மருந்தகக் கதவு பன்றிக்கும் திறப்பதும்.